முனிக்குக் கோப்பி

ஜூலை 5, வெள்ளி

பூசணி, இன்று நீ உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். குடிப்பழக்கத்தை விட்டவர்கள் கூடும் நம் கூட்டத்துக்குப் புது ஆள் வந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன், திருச்செல்வம். பெண்டாட்டி ரூபினி சட்டைக் காலரைப் பிடித்தே இழுத்து வந்தாள். கூட்டத்தை நடத்தும் கமலநாதன் சார் அவனைப் பேசச் சொன்னார். எழுந்து நின்று, "நான் குடிக்கறதில்லைங்க சார். எங்க முனியாண்டிதான் குடிக்கிறாரு" என்றான்.

மண்டபமே சிரித்தது. என் கையிலிருந்த கோப்பி தளும்பிச் சேலையெல்லாம் நாசம். நீ போன பிறகு இப்படிச் சிரித்ததே இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படிச் சிரிக்கலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கூட்டத்துக்கு நான் போடும் கோப்பிக்கு இன்னும் உன் கணக்குத்தான், சீனி குறைவு. இன்னும் கொஞ்சம் சீனி என்று வாயைத் திறந்து யாரும் கேட்பதில்லை.

உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தான். விட்டுவிட்டேன்.

ஜூலை 8

திருச்செல்வம் போன் பண்ணினான். "அக்கா, கை நடுங்குது." "ரூபினியைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளினிக்குக்குப் போடா!" என்று கத்தினேன். போனான். நீயும் குடியை விட்ட முதல் வாரம் இப்படித்தானே நடுங்கினாய். நீதான் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாய்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சிரிப்பில்லை. முனி குடிப்பதாகச் சொன்னானே, அது விளையாட்டு இல்லையாம். எஸ்டேட் முனியாண்டி கோவிலில் அவன்தான் சாமியாடி. ஆடிப் பூசையில் முனி இவன்மேல் இறங்குவார். அவன் அம்மா கருப்பாயி சம்சு சாராயப் பாட்டிலை நீட்டுவாள். ஒரே மூச்சில் காலி பண்ண வேண்டும்.

"குடிக்கலன்னா சாமி வரலைன்னு சொல்லுவாங்க. குடிச்சேன்னா மறுநாள் நிப்பாட்ட மாட்டேன்கா. எனக்கே தெரியும்."

"இந்த வருசம் போகாத லா" என்றார் சார்.

"முனி விடமாட்டாரு சார்."

பாட்டிலில் கோப்பி ஊற்றிக் கொடுத்தால் என்ன என்றேன்.

"அலமாக்! சாமியையே ஏமாத்தறதாக்கா?" ரூபினிக்குக் கண்ணே பிதுங்கிவிட்டது.

அதுவும் சரிதான். ஏமாற்ற வேண்டாம். எல்லார் கண்முன்னாலும் கோப்பியை வைப்போம். வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, காலை

ஃப்ளாஸ்க் நிறையக் கோப்பி. உன் பச்சை மங்குக் குவளையும் பையில். பயமா இருக்கு பூசணி. சாமி கோவிச்சுக்குமா? பையன் சறுக்கிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?

சாயங்காலம்

ஐயோ, எப்படி எழுதுவேன்!

உறுமி முழங்க முழங்க அவன் கண் மாறியது. கருப்பாயி பாட்டிலை நீட்டினாள். வாங்கினான். வாய்வரைக்கும் கொண்டுபோனான் — ரூபினி என் கையை நகம் பதியப் பிடித்தாள் — சட்டென்று முழுவதையும் சூலத்தடியில் ஊற்றிவிட்டான்.

உறுமி நின்றுபோனது.

"வேற கொண்டா!" என்று அதட்டினான்.

ஓடினேன் பாரு! ஒரு கால் செருப்பு எங்கே போனதோ. மங்கில் ஊற்றி நீட்டினேன். ஆவி பறக்கும் கோப்பியை மடக்மடக்கென்று குடித்தான். என்னை ஒரு முறை முறைத்தான்.

"சீனி கம்மி!"

கருப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "குத்தம் மன்னிச்சுக்க சாமி, இந்தா வர்றேன்!" என்று சீனி டப்பாவைத் தேடி ஓடினாளே! கூட்டமே சிரித்தது. உறுமிக்காரன் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தான். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திருச்செல்வம் கூட்டத்துக்கு வந்தான். தனியாக இல்லை. தன்னோடு லோரியில் போகும் ஒருத்தனைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறான்! உன் நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டு, இவன் கோப்பி ஊற்ற வந்து நின்றான்.

"கோவில்ல என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலக்கா. பாட்டிலைப் பார்த்தது வரைக்கும்தான்."

இத்தனை வாரமாக அதே கோப்பியைக் குடிக்கிறான், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உனக்கு இனிப்பு நீர் வியாதி என்று நான் குறைத்துப் போட்டபோதெல்லாம் நீதான் அப்படி முறைப்பாய், நீதான் அப்படிக் கத்துவாய்.

பூசணி, அன்னைக்கு அந்த மங்குக் கோப்பியை வாங்கிக் குடிச்சது யாரு?