நீங்கள் செய்த பெஞ்சு

கல்கத்தா, 1948 கார்த்திகை

நிதாயின் தாத்தாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? மரக்கடைக்காரன் இன்னும் கடன் கேட்டு வாசலில் நிற்கிறானா? நான் சமைக்கிற விடுதியில் சோற்றுக்குக் குறைவில்லை, கவலைப்படாதீர்கள்.

நாடு பிரிவதற்கு முன் நீங்கள் சர்க்காருக்குச் செய்து கொடுத்த பெஞ்சுகளுக்குப் பணம் கேட்டு இங்குள்ள சர்க்கார் ஆபீசுக்கு நேற்றும் போனேன்.

"யாரு செஞ்சு குடுத்தது? பேரச் சொல்லு பாட்டி" என்றான் குமாஸ்தா.

உங்கள் பெயரை நான் எப்படி வாயால் சொல்வது? உட்கார்ந்திருந்த பெஞ்சையே கவிழ்த்து, அடியில் நீங்கள் செதுக்கிய பெயரையும் ஊரையும் காட்டினேன்.

"குல்னாக்காரரா? அது இப்ப பாகிஸ்தான். டாக்காவுல போயிக் கேளு."

"ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது கல்கத்தாதானேன்னு அங்கயும் விரட்டிட்டாங்க. அப்ப இந்தப் பெஞ்சு யாரோடது தம்பி?"

"பெஞ்சு எங்களோடது. கடன் அவங்களோடது" என்றான், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே. தூ, இதுவும் ஒரு சர்க்கார்.

அதற்காக விடுவேனா? நாளையும் போவேன்.

புது வெல்லம் காய்ச்சியதும், இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் ஓர் உருண்டை கொடுத்தனுப்புங்கள். போகும்போதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறேன். இந்த ஊரில் உங்கள் கை பட்டது அது ஒன்றுதான்.

உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன்.

நிதாயின் பாட்டி