சம்பந்தியம்மாவுக்குப் போர்த்திய சால்வை

நேற்று உங்கள் சால்வையைப் பார்த்தேன், சம்பந்தியம்மா. பஸ்ஸுக்குப் போகிற வழியில், என் மகள் வீட்டு வாசலில், வெயில் படாமலிருக்க ஸ்கூட்டர் சீட்டின்மேல் விரித்துப் போட்டிருந்தார்கள். ஜரிகைக் கரை கிழிந்து தொங்கியது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். என்னோடு பேச்சை நிறுத்தியவள், துணிக்காக வாயைத் திறந்தாள்.

“பழைய துணிய இன்னாத்துக்குமா எடுத்துக்கினு போற?”

“மாமியார நல்லா பாத்துக்கினதுக்கு நீங்க வாங்குன பரிசாச்சே. சீட்டு மேல போடலாமா?” என்றேன். சால்வையோடு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பரிசு நாளை மறக்க முடியுமா? திருப்பதியிலிருந்து கல்லூரிக்காரர்கள் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். வயதானவர்களை வீட்டிலுள்ளவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி, கூடவே ஊருக்குப் புத்தி சொல்லக் கூட்டம். பேராசிரியர் தெலுங்கில் பேச, சத்தியவேட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி தமிழில் சொன்னாள். அடிப்பது மட்டும் கொடுமை இல்லை, பேசாமல் ஒதுக்குவதும், வெளியே விடாமல் பூட்டி வைப்பதும் கொடுமைதான் என்றாள். முன்வரிசையில் நீங்கள் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தீர்கள். அதைக் கட்டிவிட்டவள் நான் பெற்ற மகராசி.

பூட்டி வைப்பது என்றதும் எனக்கு உங்கள் அறைதான் ஞாபகம் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் வேர்க்கடலை கொடுக்க மத்தியானத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் மகனும் என் மகளும் ரேணிகுண்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கொல்லைப்புற அறையில் வெளியே தாழ்ப்பாள். உள்ளேயிருந்து உங்கள் குரல். திறந்தால், காலையில் வைத்த சோறு காய்ந்து கிடக்க, மூலையில் ஒரு வாளி. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த நிலைமையிலும் நீங்கள் அவர்களுக்குப் பரிந்து பேசினீர்கள். “நான் எங்கனா போய் உழுந்துடுவேன்னு பயம் அவுங்களுக்கு.” அன்று சாயங்காலம் மகளைக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். “கெணத்தாண்ட போயி உழுந்துட்டா ஊருக்கு யாரு பதில் சொல்றது?” உங்கள் மேல் கவலையாம். பாம்புகூட அவ்வளவு பதமாகக் கொத்தாது.

அதனால்தான் பந்தலில், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று பேராசிரியர் கேட்டதும் எழுந்து நின்றேன். “எம் பொண்ணு வூட்டுல மாமியார உள்ள வெச்சி வெளிய தாப்பா போட்டுட்டு போறாங்க” என்றேன். மைக்கை உங்களிடம் நீட்டினார்கள். உங்கள் பின்னால் உங்கள் மகன் நின்றான், அவன் கை உங்கள் தோள்மேல் இருந்தது. அந்தக் கை அங்கே இருக்கும்போதே உங்களிடம் கேள்வி கேட்டார்கள், படித்த புண்ணியவான்கள்.

நீங்கள் சொன்னீர்கள்: “அப்பிடிலாம் ஒண்ணுமில்ல. எம் புள்ள என்ன நல்லா பாத்துக்கினு கீறான். சம்மந்தியம்மாவுக்கு எங்க மேல இன்னாவோ கோவம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியவர்களைப் போற்றும் குடும்பம் என்று உங்கள் மகன் கையாலேயே உங்களுக்குச் சால்வை போர்த்தவைத்துப் படம் எடுத்தார்கள். நான் ஊரில் பொய்க்காரி ஆனேன். உங்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நகரியில் ஒரு கல்யாணத்தில் நீங்கள் என் கையைப் பிடித்தபோது உதறினேன். நீங்கள் விடவில்லை.

“பெத்த புள்ளய ஊரு முன்னாடி உட்டுக்குடுத்துட்டு, சாய்ந்தரம் நான் எந்த வூட்டுக்குப் போறது, சொல்லு?”

கையை விடுவித்துக்கொண்டு பந்திக்குப் போனேன். கோபம் ஆறவில்லை.

அந்த அறையிலேயே உங்கள் உயிர் போனது. காய்ச்சலோடு காலையில் உள்ளே விட்டுப் போனவர்கள் இருட்டிய பிறகு வந்து தாழ்ப்பாளைத் திறந்தார்கள். ஒரு வாய் தண்ணீர் கேட்டீர்களோ, யாரைக் கூப்பிட்டீர்களோ, யாருக்குத் தெரியும்? மேளம், பூப்பல்லக்கு, வாணவேடிக்கை எதற்கும் உங்கள் மகன் குறை வைக்கவில்லை. நல்ல சாவு என்று ஊர் மெச்சியது. நாசமாய்ப் போக அந்த மெச்சல்.

இன்று காலை கல்லூரிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை வீடு வீடாக. அதே சத்தியவேட்டுப் பெண் என் எதிரில் உட்கார்ந்தாள். என்னை வீட்டில் வைத்திருக்கும் என் மகன் நாற்காலியை இழுத்து என்னை ஒட்டிப் போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஆனால் கொஞ்ச நாளாகவே நான் எதைப் பேசினாலும், “கம்முனு கெட” என்கிறான். போன மாதம் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்தான், இன்னும் தரவில்லை.

“உங்கள நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

என் வாய் தானாகத் திறந்தது, சம்பந்தியம்மா. எம் புள்ள என்ன நல்லா பாத்துக்கினு கீறான். நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல், நாக்கு நுனிவரை வந்து நின்றன. அன்றைக்கு உங்கள் தோள்மேல் இருந்த கை எவ்வளவு கனமென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்கள்மேல் இருந்த கோபம் அங்கேயே செத்துவிட்டது. மற்றவர்கள்மேல் இருப்பது அப்படியே இருக்கிறது, அதை நான் விடப்போவதில்லை.

“யப்பா, நீ கொஞ்சம் வெளிய போ” என்றேன்.

“எனக்குத் தெரியாம இன்னா பேசப் போற?” என்று முறைத்தான். அந்தப் பெண் பேனாவை மூடி மடியில் வைத்தாள். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் போனான்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். சால்வையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்து, முதலில் உங்களைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு என்னைப் பற்றி.