மஞ்சள் கார் மறுபடி வந்திருக்கிறது

அந்த மஞ்சள் கார் இன்று காலை மறுபடி நம் பெயிண்ட் ஷெட்டில் வந்து இறங்கியது. என்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, வெறும் ஃபைபர் பாடி மட்டும். கார் பந்தயக்காரர்களுக்கு இந்த வருஷம் நீலம் வேண்டுமாம். நான்கு பேர் சேர்ந்து ஸ்டாண்டில் தூக்கி வைத்தார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி நான் கழுவ ஆரம்பித்தேன். ஈரம் பட்டதும் பழைய பெயிண்டும் தின்னரும் கலந்த அந்த வாடை எழும்பியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அந்த வாடையையே இழுத்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, சூப்பர்வைசர் வெளியே போனில் இருந்தார்.

அந்த மஞ்சளுக்குக் கீழே ஒவ்வொரு அங்குலமும் நீ தேய்த்தது.

சேரப்பணஞ்சேரியில் இந்த ஷெட்டுக்கு நாம் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்கு வந்தோம். நான் பென்னலூரிலிருந்து பஸ் மாறி வருவேன். நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நாலு பெண்களோடு ஒரு ரூமில் இருந்தாய். முதல் வாரம் ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரித்துத் தள்ளியது. வெந்நீரில் குளித்தும் போகவில்லை என்று நான் அழுதபோது தலையில் அடித்துக்கொண்டாய். "வெந்நி ஊத்துனா தூளு இன்னும் உள்ளல்லா போவும்! பச்சத் தண்ணியில குளிட்டி." நீயும் முதல் நாள் வெந்நீரில் குளித்துவிட்டு விடிய விடியச் சொறிந்துகொண்டிருந்தாய் என்பதை மாதங்கள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டாய்.

வேலையை நாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டோம். பழைய பெயிண்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஃபைபரில் மெல்லிய வெடிப்பு இருந்தால் முழுசாகச் சுரண்டி எடுத்துப் பட்டி வைக்க வேண்டும். சும்மா மூடினால் புதுப் பெயிண்டிலும் அது எட்டிப் பார்க்கும். கடைசியில் மேடு பள்ளத்தை வெறுங்கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். "கிளவுஸ் போட்டா கை குருடாயிடும்" என்பார் சூப்பர்வைசர். கழற்றிவிட்டோம். இரண்டு வருஷத்தில் எத்தனையோ கார்கள் வழவழப்பாகின. கூடவே நம் விரல்களும்.

அதன் விலை ஒரகடம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில்தான் தெரிந்தது. இன்டர்வியூவில் இருவரும் தேறிவிட்டோம். ஏசி, கம்பெனி பஸ், தூசி இல்லாத வேலை. கடைசியாக வருகைப் பதிவுக்கான ரேகை மிஷின், பச்சை விளக்கு எரிந்தால்தான் வேலை. நான் வைத்தேன், சிவப்பு விளக்கு. நீ வைத்தாய், சிவப்பு விளக்கு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். அங்கே இருந்த ஆள் நம் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லியேம்மா. ஒரு மாசம் தேய்க்கிற வேலைய வுட்டுட்டு அடுத்த பேட்ச்ல வாங்க, வளந்துடும்" என்றார். ஒரு மாதம் வேலை இல்லாமல் இருக்க முடிந்தவர்கள் எதற்காக அங்கே போய் வரிசையில் நிற்கப்போகிறார்கள்? கூட்டுரோட்டில் டீ குடிக்கும்போது அந்த மிஷினையும் அந்த ஆளையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ என் விரலையும் உன் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் என் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கினாய்.

"இந்த மாசம் நீ கழுவு, தூசியத் தொடச்சு எடு, டேப்பு ஒட்டு. தேய்க்கது பூரா நான் பாத்துக்கிடுதேன். மொதல்ல நீ உள்ள போ. போயி சம்பளம் வாங்குனதும் என்னைய ஒரு மாசம் உக்கார வச்சு சோறு போடு."

"உனுக்கு இன்னா பைத்தியமாடி? ரெண்டு பேர் வேலைய ஒருத்தியா எப்டி செய்வே?"

"செய்வேன். நீ வெரல பத்திரமா வச்சுக்க, போதும்."

அந்த மாதம் வந்ததுதான் இந்த மஞ்சள் கார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் பெருவிரலை வெயிலில் பிடித்துப் பார்ப்பாய், விதை போட்டவள் முளை வந்ததா என்று பார்ப்பதைப் போல. மூன்றாவது வாரம் ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். "ஏட்டி, கோடு வந்திருக்கு!" எனக்குச் சிரிப்பும் வெட்கமும் தாங்கவில்லை. உன் விரல் நுனிகள் அப்போது சிவந்து தோலுரிந்திருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்தும் உப்புத்தாளைத் திரும்ப வாங்கவில்லை. எனக்கு இங்கிருந்து போக வேண்டியிருந்தது.

காரின் பின்பக்க வளைவைத் தேய்க்கும்போதே உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டிருந்தவளின் முகத்தை யார் பார்த்தார்கள்? சொல்லியிருந்தால் நான் தேய்த்திருப்பேன். அதனால்தான் நீ சொல்லவில்லை. இந்த ஒன்றுக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டெங்கு முற்றிப்போய் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் எனக்கு ரேகை வைக்கும் நாள். முந்தின சாயங்காலம் உன் கட்டிலருகே உட்கார்ந்து, போகமாட்டேன் என்றேன். அடிக்கக் கையை ஓங்கினாய். அடிக்கத்தான் தெம்பில்லை. "போவாம இருந்தேன்னா ஒங்கூடப் பேசவே மாட்டேன். மிஷின் எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடு, என்னா?" ஊரிலிருந்து வந்திருந்த உன் அண்ணனும், நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வாம்மா என்றார்.

போனேன். வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிட்டார்கள். ரேகை வைத்த கையோடு பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஐந்து மணி வரை வெளியே விடவில்லை. போன் கைக்கு வந்தபோது உன் அண்ணனிடமிருந்து பதினேழு அழைப்புகள் இருந்தன. நீ மதியமே போய்விட்டிருந்தாய்.

பதினோரு மாதம் அங்கே வேலை பார்த்தேன். பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது என்று எங்கள் பேட்சையே நிறுத்திவிட்டார்கள். வேறு எங்கும் கிடைக்காமல் இந்த ஷெட்டுக்கே திரும்பி வந்தேன். இந்த ரோட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் போய்த்தான் முட்டிக்கொள்கிறேன், உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும். அடுத்த மாதம் அந்தக் கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். அதனால் கிளவுஸைக் கழற்றாமல் வேலை செய்கிறேன், தினமும் திட்டு வாங்குகிறேன்.

இன்று சூப்பர்வைசர் வந்து, "ஃபைபர் தெரியற வரைக்கும் மொத்தமா தேச்சு எடுத்துடு. கிளவுஸ கழட்டு மொதல்ல" என்றார்.

"எதுக்கு சார்? ஒரு வெடிப்பு கூட இல்ல. கீழ போட்ட பிரைமர் கல்லு மாதிரி கீது. மேல இருக்கிற பளபளப்ப எடுத்தா போதும், நீலம் புடிச்சிக்கும்."

"இன்னா, எனக்கே பாடம் நடத்துறியா?"

"நீங்களே கைய வெச்சுப் பாருங்க சார்."

முன்னாலிருந்து பின்னால் வரை தடவிக்கொண்டே போனார். பின்பக்க வளைவில் நெடுநேரம் தேடினார். ஒரு பள்ளம் கிடைக்கவில்லை. யார் தேய்த்தது என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன். அந்த வளைவை இன்னொரு தடவை தடவிவிட்டு, "சரி, மேலாப்புல தேய்" என்று போய்விட்டார். உன் வேலை அப்படியே நீலத்துக்குக் கீழே இருக்கும். என் விரலும் தப்பித்தது.

அடுத்த மாதம் அந்த வாசலில் போய் நிற்பேன். எடுத்துக்கொண்டாலும் பதினோரு மாதம்தான். அப்புறம் திரும்பவும் இங்கேதான். எல்லாம் தெரிந்துதான் போகிறேன். நீ வளர்த்துக் கொடுத்த கோடுகளைச் சும்மா தேய்த்துவிட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அன்று போடாமல் போன அந்த போன் மட்டும் என்னிடமே இருக்கிறது. காலையிலிருந்து மதியம் வரை அந்தக் கட்டிலில் நீ காத்துக்கொண்டிருந்திருப்பாய். பலமுறை உன் அண்ணனிடம் கேட்டிருப்பாய்.

எடுத்துச்சுடி. மொத தடவ வெச்சதுமே பச்ச.