நஜீஸ் இல்லை, ஊத்தைதான்

சேர்,

இன்று காலை கடைக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கானுக்குள் குளோரின் தூள் தூவினார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை என் கை தானாக இறக்கிவிட்டது. நீங்கள்தான் வருகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். வந்தவர் உங்கள் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் சுகாதாரப் பரிசோதகர் மிஸ். சட்டி கழுவும் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நிலைமை திருப்தியில்லை" என்றார். திருப்தியில்லையாம். இதைக் கேட்டு எந்தக் கடைக்காரனுக்கு ரோசம் வரும்?

உங்கள் வாயில் இருந்த சொற்களுக்கு ஒரு வரிசை இருந்தது. "துப்பரவு காணாது காக்கா" என்றால் கூட்டிப் பெருக்கினால் போதும். "ஊத்தை" என்றால் அன்றைக்கே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். "சுகாதாரச் சீர்கேடு" என்று எழுத்துத் தமிழுக்கு மாறினீர்களோ, வழக்குத்தான். கல்முனைச் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நாங்கள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம், உங்கள் தமிழைத்தான் கவனிப்போம். இத்தனை சொல் கைவசம் இருந்தும் உங்களுக்குப் போதவில்லை. முஸ்லிம்களான எங்களிடம் ஒன்று கடன் வாங்கினீர்கள். அதில்தான் என் கடை கவிழப் பார்த்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்த கூட்டத்தில் எழுந்து கைகழுவக்கூட இடமில்லை. நீங்கள் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்கள். கான் அடைத்துக் கிடந்தது, மீன் செதிலும் கஞ்சித்தண்ணீரும் மொய்க்கும் இலையானுமாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. எனக்கு உறைக்க வேண்டும் என்று நீங்கள் முன்னுக்கு வந்து, எங்கள் பாஷையிலேயே சத்தமாகச் சொன்னீர்கள்.

"என்ன காக்கா இது, பின்னுக்கு முழுக்க நஜீஸ்! சட்டி கழுவுற இடமும் நஜீஸ்!"

சோற்றில் இருந்த அத்தனை கையும் அப்படியே நின்றது. "நாயா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். செய்தி தெற்கே சாய்ந்தமருதுக்குப் போகும்போது புரியாணிச் சட்டியில் நாய் வாய் வைத்தது. வடக்கே மருதமுனைக்குப் போய்ச் சேரும்போது அது பன்றியாகிவிட்டது. அடுத்த நாள் அவித்த சோறு அவித்தபடியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இனிக் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவது என்று நான் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து இருந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

"என்ன காக்கா, இண்டைக்கு ஹர்த்தாலா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சேர் என்றும் பார்க்கவில்லை. "நஜீஸ் எண்டா என்னெண்டு தெரியுமா உங்களுக்கு?"

"ஊத்தைதானே?"

"சேத்துக்குள்ள விழுந்து எழும்பினவன் ஊத்தை சேர். அவன் அப்படியே நிண்டு தொழலாம். நாய் நக்கின உடுப்பு வெள்ளை வெளேரெண்டு இருந்தாலும் அது நஜீஸ். மண் போட்டுக் கழுவாம தொழ ஏலா. என்ட சட்டிய நீங்க அந்த இடத்தில கொண்டுபோய் வச்சிட்டீங்க!"

உங்கள் முகம் செத்துப்போனது. பாவம், அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நீங்கள் நேரே போய்த் தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, ஒரு தட்டுச் சோற்றை எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டீர்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எதிர்ச் சலூன்காரர் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு, "சேர் திண்டா என்ன, பாண்டிருப்புத் தமிழ் ஆளுக்கு ஹறாம் ஹலால் இருக்கா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

பிறகு நீங்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் இறங்கும் நேரம் பார்த்து, பள்ளிவாசல் கேட்டடியில் போய் நின்றீர்கள். உங்களைத் தடுக்கத்தான் நான் பின்னால் ஓடிவந்தேன்.

"நான் சொல் மாறிச் சொல்லிப்போட்டன். காக்காட கடையில நஜீஸ் இல்ல. ஊத்தை மட்டும்தான்! நானே ரெண்டு கண்ணால கண்டன். சத்தியமா ஊத்தை!"

"அப்ப நாய் வரல்லயா சேர்?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"அந்தக் கானுக்க நாய் வராது தம்பி. நாய்க்கும் மூக்கு இருக்குதானே?"

மௌலவிதான் முதலில் சிரித்தார். பிறகு கேட்டடி முழுக்கச் சிரிப்பு. என் கடை ஊத்தை என்று ஒருவர் ஊருக்கு முன்னால் சத்தியம் பண்ண, நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் வந்த கூட்டத்துக்குப் பகல் சோறு போதாமல் போய்விட்டது. நீங்களும் வந்தீர்கள், வழக்குப் பதிய. "ஊத்தை எண்டு சத்தியம் பண்ணிட்டு விட்டா, நான் பொய்காரனெல்லோ காக்கா?" என்றீர்கள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகக் கட்டிய தண்டம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பகல் சோறு என்றால் நீங்கள் வேறு கடைப்பக்கம் தலைவைக்கவில்லை. பென்ஷன் எடுத்த பிறகும் வந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்காமல் போனதில்லை.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. பாண்டிருப்புக்கு நான் வந்து சேர இறுதிக்கிரியை எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மனைவி வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்த ஒருவரும் குடிக்காததால் நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

"இது துடக்கு வீடு காக்கா, சாவுத் தீட்டு. வெளி ஆக்கள் இஞ்ச வாய் நனைக்க மாட்டாங்க," என்றார் அவர். "உங்களுக்கு அதெல்லாம் இல்லத்தானே. துடக்கு எங்கட சொந்தக்காரருக்குத்தான். உங்களுக்கு ஒண்டும் ஏறாது, பயப்பிடாமக் குடிங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடியது. ஒருவருக்குத் துடக்கு இல்லை என்றால் அவர் சொந்த ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்.

வீட்டுக்குள் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். என் மனைவி குசினிக்குள் இருந்து ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்க, என்ன, நஜீஸ் எதிலயும் மிதிச்சிட்டீங்களா?"

"இல்ல புள்ள. எனக்குத் துடக்கு."

எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை மாதவிலக்கு, படுக்கை மாதிரிக் காரியங்களுக்கு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாது சேர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வயசில உங்களுக்கு என்ன துடக்கு?"

நான் இன்னொரு வாளி அள்ளினேன்.

"சொந்தத்தில ஒரு மௌத்து," என்றேன்.