எட்டி நின்று தூக்கியவன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் குரலை உயர்த்துவேன், நீ "சிக்னல் சரியில்லண்ணா" என்பாய், அத்தோடு முடிந்துவிடும். கடிதத்தில் அந்தக் கோளாறு கிடையாது. கூரியரில் அனுப்புகிறேன், நாலைந்து நாளில் உன் கையில் இருக்கும்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று எனக்கு டாக்டர் உத்தரவு. சமையல் மேடையில் தாளை வைத்துப் பாதி நேரம் நின்றபடி எழுதுகிறேன். உன் அண்ணி பாத்திரம் வைக்க இடமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய இடுப்பு பெல்ட் வந்து சேர்ந்தது. உயர்ந்த சரக்குதான். மூன்று வாரம் காலையிலிருந்து படுக்கும்வரை அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது தப்பாம். எந்நேரமும் கட்டியிருந்தால் முதுகுத் தசை தன் வேலையை மறந்து சோம்பிவிடுமாம். வலி தாங்காமல் நான்கு நாள் அசையாமல் படுத்துக் கிடந்தேனே, அதுவும் தப்பாம். முடிந்தவரை மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டுமாம். ஆக, இதுவரை நானாகச் செய்துகொண்ட வைத்தியம் ஒன்றுகூடச் சரியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வலது காலில் கட்டை விரலைச் சரியாக மேலே தூக்க முடியவில்லை. படியில் செருப்பு தட்டுகிறது. எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்காமல் பயிற்சி செய்தால் தானாக அடங்க வாய்ப்பு உண்டு. அடங்காவிட்டால் கத்திதான். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அந்த நிமிடமே ஓடி வரச் சொல்லியிருக்கிறார். பயமுறுத்த எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று போன மாதம் உன்னிடம் கேட்டேன். "நீ என்ன செஞ்சாலும் எனக்குச் சரிண்ணா" என்றாய். கேட்ட வாய் மூடுமுன் வந்த பதில். அவருக்குப் பக்கவாதம் வந்த இந்தப் பதினான்கு மாதத்தில் வேறு எதற்கும் நீ அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை. படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். மாதக் கடைசிவரை கட்டிலை நமக்காக ஒதுக்கி வைத்திருப்பார்கள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இனி எழுதப்போவது எனக்கே கொஞ்சம் வெட்கமான சங்கதி.

டாக்டர் அனுப்பிய பிசியோதெரபி நிலையத்தில் பயிற்சி தரும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பத்து வருடம் முன்பு என்னிடம் இயற்பியல் படித்தவளாம். எனக்கு முகம் நினைவில்லை. அவளுக்கு என்னை நன்றாக நினைவிருக்கிறது. "ஒரு செங்கல்லக் குடுத்து, கைய நீட்டிப் பிடின்னு நிக்க வச்சீங்களே சார், அது நான்தான்" என்றாள். திருப்புத்திறன் பாடத்துக்கு நான் வருடா வருடம் செய்து காட்டும் சோதனை. செங்கல் அதேதான்; நெஞ்சோடு வைத்தால் கனமே தெரியாது, கையை நீட்டினால் ஒரு நிமிடத்தில் தோள் நடுங்கும். வகுப்பில் பேசுகிற பிள்ளையாகப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

தினமும் நான் என்னென்ன செய்கிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கரும்பலகை முன்னால் மணிக்கணக்கில் நிற்பது, விடைத்தாளைக் குனிந்தே திருத்துவது, தூக்கமில்லாதது, அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது. "மனசுல ஏதாவது போட்டு உழட்டிட்டே இருப்பீங்களா சார்? அப்படி இருந்தா தசை இறுகியே கிடக்கும், வலியும் அதிகமாத் தெரியும்" என்றாள். இருபத்திரண்டு வருடமாக என்று சொல்ல வந்து, அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவைத்தேன். அப்புறம், அப்பாவை எப்படித் தூக்குகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். அங்கே இருந்த உதவியாளரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் ஒரு முழம் தள்ளி நின்று, கையை நீட்டி, அவர் அக்குளில் கைகொடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கப் போனேன்.

"சார், நிறுத்துங்க. செங்கல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, மறுபடி கட்டில். நாளைக்கு ஆறு தடவை. பாடம் நடத்துகிறவன் பதினான்கு மாதம் அப்படித்தான் தூக்கியிருக்கிறேன். அண்ணி அப்போதே சொன்னாள், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாவதா ஒரு ஆள் நிக்கலாம் போல இருக்கே" என்று. அப்பாவும் தினம் சொல்வார். நாக்குக் குழறினாலும் தெளிவாகவே சொல்வார்: "எட்டி நின்னு தூக்காதடா. கிட்ட வா." நாற்பது வருடம் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர், முதுகுவலி என்று ஒரு நாள்கூடப் படுக்காதவர் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. இந்த நிலையிலும் அதிகாரத்துக்குக் குறைச்சலில்லை என்றுதான் நினைத்தேன்.

ஏன் கிட்டப் போகவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "நீ போயிட்டா வீட்டுக்கு யாருடா?" என்றார். இருந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து உனக்கு இடம் கிடைத்தபோது அந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை. உன் இரண்டு பெட்டிகளையும் இரண்டு தோளில் ஏற்றிக்கொண்டு ரயிலடிவரை சிரித்துக்கொண்டே நடந்தார். நான் பின்னால் உன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தோளை நான் மன்னிக்கவில்லை. அதன் பிறகு அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன், இடுப்பு கேட்கவில்லை.

அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்: தூக்கவே கூடாது, ஆள் கிடைக்கும்வரை வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அவள் காட்டிய மாதிரி. மறுநாள் காலை வேறு வழி இருக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் இரண்டு பேரையும் அப்பா மூன்றாம் நாளே விரட்டிவிட்டார். அண்ணி குளியலறைக்குத் தூக்கிப்போக அவருக்குக் கூச்சம்.

காலை அகட்டி வைத்தேன். முட்டியை மடக்கினேன், இடுப்பை வளைக்கவில்லை. அவருடைய இடக் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு சேர்த்து எழுப்பினேன். அப்படிச் செய்தால் தலை எங்கே போகும்? அவர் தாடை என் தோளில் வந்து உட்கார்ந்தது. நான்கு நாள் சவரம் செய்யாத தாடி கழுத்தில் குத்தியது. தம்பி, அவர் இவ்வளவுதானா? மூட்டை சுமந்த அந்த ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது. உடனே திருப்ப வேண்டும், இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். எல்லாம் தெரிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் கேட்டார், "முதுகு ரொம்ப வலிக்குதாடா?"

நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பையைப் பார்த்தேன். அண்ணியிடம் கேட்டேன். இரண்டு வாரமாகவே அங்கே இருக்கிறதாம். இல்லத்தைப் பற்றி நாம் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. "பெரியவனுக்கு முதுகு போச்சு. ரெண்டு சட்டை, நாலு வேட்டி எடுத்து வை. அவன் கேக்கும்போது நான் லேட் பண்ணக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வருகிற கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேல் என்றால் வசதியாக இருந்திருக்கும்.

பயிற்சி நடக்கிறது. மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் முட்டிகளுக்கு நடுவில். எழும்போது பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுகிறேன். வெந்நீர் ஒத்தடம், காலையும் மாலையும் தெருமுனைவரை நடை. வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் தினமும் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தால் இது எதுவும் நிலைக்காது. அதனால்தான் இத்தனையும் எழுதினேன்.

ஆறு வாரம் லீவு போட முடியுமா பார். ஆறு வாரம் மட்டும்தான். அதற்கு மேல் கேட்க மாட்டேன். எப்படித் தூக்குவது என்று நான் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன், சிக்கலான வித்தை இல்லை. படிவம் மேசை மேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. மாதக் கடைசிவரை தொட மாட்டேன்.

வருவதானால் பெல்ட், மாத்திரை, தைலம் எதுவும் வாங்கி வராதே. இரண்டு கையும் காலியாக வா.

நீயும் அங்கே நாள் முழுவதும் உட்கார்ந்த வேலைதான் பார்க்கிறாய். மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. உன் முதுகாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்