எக்கேக்கோ சாமியின் முதுகு

ஊர் சுற்றப் போன துரைக்கு,

சுக்ரே நகரமே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாம், பொத்தோசியில நாலு படி ஏறினா மூச்சு வாங்குதாம். எழுதியிருந்தீங்க. இங்க லா பாஸ்ல மாடிக்குத் தண்ணி சுமந்தா எனக்கும்தான் மூச்சு வாங்குது. அதுக்காக முதுகுப்பையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறினேனா?

"எல்லாம் நம்ம வீட்டு எக்கேக்கோ சாமி பொம்மையோட வேலை, குட்டியா எதை மாட்டினாலும் நிஜமாக் குடுப்பாரு"ங்கிறாங்க உங்க அம்மா. "போன வருஷம் குட்டிச் சாமான் சந்தையில உன் புருஷன் குட்டி முதுகுப்பை வாங்கி அவர் மேல மாட்டினான். கேட்டதைக் குடுத்துட்டாரு."

நான் மாட்டின குட்டி வீடு மட்டும் அவர் கண்ணுல படலையாக்கும்! வெள்ளிக்கிழமை தவறாம படையலா அவர் வாயில சிகரெட் பத்தவைக்கிறது நான், வரம் உங்களுக்கா?

நேத்து மறுபடியும் சந்தை. "அவன் திரும்பி வர்றதுக்குக் குட்டி பஸ் ஒண்ணு வாங்குடி"ன்னாங்க உங்க அம்மா. வாங்கலை. விரல் நீளத்துக்கு ஒரு தொட்டில் வாங்கினேன். கடைக்காரி சாம்பிராணிப் புகை காட்டி, "நம்பி மாட்டு தாயி, அடுத்த சந்தைக்குள்ள பலிச்சிரும்"னா.

"ஆகஸ்ட்லயே பலிச்சிரும், டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னேன்.

உங்க முதுகுப்பையைக் கழட்டிட்டுத்தான் தொட்டிலை மாட்டியிருக்கேன். சாமிக்கும் முதுகு ஒண்ணுதானே.

இப்படிக்கு,
சிகரெட் பத்தவைக்கிறவள்