கம்ப்யூட்டருக்குப் பிந்தி வந்த மூன்றாம் பாகம்

நான்கு நாட்களுக்கு முன் என் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நீர் காத்திருந்த விளையாட்டின் மூன்றாம் பாகம் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டதாம். உம்முடைய கணக்கில் என் முகவரியைத்தான் கொடுத்து வைத்திருந்தீர். "மெயிலெல்லாம் நீரு பாரும்வே, நான் ஆடுதேன்" என்றீர். நீர் போய் ஏழு மாதம் ஆகிறது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உம்முடைய டி.டி.பி. கடைக்கு நான் முதலில் வந்தது பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவதற்காக. விசைத்தறியில் வலது கை விரல்கள் நான்கு போன பிறகு, இடது கையால் மட்டும் கல்யாணப் பத்திரிகை தட்டிக்கொண்டிருந்தீர். மதியம் வேலை ஓய்ந்தால் அதே கம்ப்யூட்டரில் விளையாட்டு. காணாமல்போன அண்ணனைத் தேடிப் படகில் போகிற ஒருவனின் கதை. நடக்க, குதிக்க, துடுப்பு வீச, எல்லாவற்றையும் இடது கைக்கு எட்டும் எழுத்துகளுக்கு மாற்றி வைத்திருந்தீர். மௌஸை வலது உள்ளங்கையால் தள்ளுவீர். இரண்டு பாகங்களை அப்படியே முடித்தீர். "அண்ணன் கிடைச்சானா இல்லையான்னு தெரியாம நான் கட்டையில போக மாட்டேன்வே" என்று சிரிப்பீர்.

மூன்றாம் பாகம் டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு மட்டும் வந்தது. உமக்குப் பொறுக்கவில்லை. "ஏன்வே? நம்ம கம்ப்யூட்டர் என்ன பாவம் செஞ்சிச்சு? நீரு நிருபர்தான, விசாரியும்."

விசாரித்தேன். எலுமிச்சை விலையும் ஆடித் தபசுத் திருவிழா ஏற்பாடும் கேட்டுப் பழகிய வாயால், பெங்களூருவில் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனில் பேசினேன். "சார், ஒரு கன்சோல்ல சரியா ஓடிச்சுன்னா அதே மாடல் எல்லாத்துலயும் ஓடும். கம்ப்யூட்டர் அப்படியா? வீட்டுக்கு ஒரு மாதிரி" என்றார். கன்சோல் விற்கிறவர்களே 'முதலில் எங்களுக்கு' என்று பணம் கொடுப்பதும் உண்டாம். கம்ப்யூட்டரில் திருட்டுப் பிரதி சீக்கிரம் பரவும் என்ற பயம் வேறு.

முதல் காரணத்தை நான் சொல்லி முடிக்கும் முன்பே பிடித்துக்கொண்டீர். "ஒரே கம்பெனித் தறி நிக்கிற ஷெட்டுன்னா ஒரு மெக்கானிக் போதும். எட்டுத் தறியும் எட்டு ஊர்ல வாங்கினதுன்னா அவன் செத்தான்." திருட்டுப் பிரதி என்றதும் தலையைச் சொறிந்தீர்.

"முதல் பாகம் நாம எதுல ஏத்தினோம்?"

"பென் டிரைவ்ல."

"அப்ப நாமளும் ஒரு காரணந்தான். எழுதிப்புடாதேயும்."

கடையநல்லூர் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது தம் கன்சோலை அந்த மூன்றாம் பாகத்தோடு கொடுத்தார். உம்முடைய வீட்டு டிவியில் மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி என்றால், அதை ஆடுகிற கையும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். கன்ட்ரோலரில் பொத்தான்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். பிறகு வலது பாதியை என் பக்கம் நீட்டினீர்.

"நான் ஓட்டுதேன். நீரு அமுக்கும்."

தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தோம்.

"குதியும்வே!"

"எது குதி?"

"கீழ உள்ளது! அது துடுப்புவே, கீழ உள்ளது!"

படகுக்காரன் தண்ணீரில் விழுந்தான். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு டம்ளர் காபிய ரெண்டு பேரும் சேந்து பிடிச்சுக் குடிக்க மாதிரில்லா இருக்கு" என்றார். மூன்றாம் நாள், நீர் சொல்லும் முன்பே என் கட்டை விரல் அமுக்கியது. "ஏ, தேறிட்டீரே!" என்று முழங்கையால் இடித்தீர். அன்று இரண்டு தீவுகளைத் தாண்டினோம்.

விடுப்பு முடியும் வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் நண்பர். இன்னும் மூன்று வாரம் இருந்தது. "வாரும்வே, மிச்சத்தையும் ரெண்டு பேருமா முடிச்சிருவோம்" என்றீர். எனக்கு அலுத்திருந்தது. "ஆறு மாசத்துல கம்ப்யூட்டருக்கு வந்துரும். நீரே நிம்மதியா ஆடும்" என்று சொல்லி, கன்சோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீர் நம்பிவிட்டீர். நான் விசாரித்துச் சொன்ன தகவல் அல்லவா.

அந்தப் பெங்களூருப் பெண் சொன்னது அதுவல்ல. "சில நேரம் ஆறு மாசம் சார், சில நேரம் வராமலே போகும்." முதல் பாதியை மட்டும் உம்மிடம் சொன்னேன். அடுத்தவர் வார்த்தையைப் பாதியில் வெட்டி ஒரு நாளும் அச்சுக்கு அனுப்பியதில்லை நான். ஆறு மாதம் முடிந்ததும் "என்னவே, உம்ம செய்தி?" என்று ஒருமுறை கேட்டீர். அதன்பின் கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் உம்முடைய நெஞ்சு நின்றது.

மூன்றாம் பாகத்தைக் காசு கொடுத்தே வாங்கி என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். அதே மாதிரி ஒரு கன்ட்ரோலரும் வாங்கி மாட்டியிருக்கிறேன். அண்ணன் கிடைத்தானா என்று இணையத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. வலது கைக்கு எப்போது என்ன செய்வதென்று தெரிகிறது. நீர் திட்டித் திட்டிப் பழக்கிய கை. இடது கைதான் தடுமாறுகிறது. முதல் தீவிலேயே படகைப் பாறையில் முட்டுகிறது. அது உம்முடைய பாதி. மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.